ஜுன்னர் வரை

தௌண்டைக் கடந்து

சோலாப்பூரைத் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்குகிறது. தௌண்டு வருவதற்குள் ரயிலின் இருபுறமும் சோளக்கொல்லையும் கரும்புமாக விரிந்து, அவற்றுக்கும் அப்பால் தட்டையான தலைகளோடு குன்றுகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, கோபுரத்தைத் தவிர உயரமான வஸ்து வேறொன்றையும் காணாமல் வளர்ந்த எனக்கு, அந்தக் குன்றுகள் இளமையில் தந்த வியப்பை முதுமையிலும் குறைவின்றித் தந்தன. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கின்மேல் அடுக்காகப் பாய்ந்து உறைந்ததால் உண்டானவை அவை. பக்கவாட்டில் படி வெட்டியதுபோல் தெரிவதற்கும், கல்லெல்லாம் கறுத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

பூனாவில் எனக்கு உறவினர் எவரும் இல்லை. முடிக்கவேண்டிய காரியமும் இல்லை. வெகு காலத்துக்கு முன் அங்கே பழகிய ஒருவர், 1976ஆம் ஆண்டில் விமான விபத்தில் மாண்டவர், பார்க்கப் புறப்பட்டுப் பார்க்க முடியாமல் திரும்பிய ஒரு மலையை நானாவது பார்த்துவிட்டு வரவேண்டும் என்ற எண்ணம் ஒன்றே இந்தப் பிரயாணத்துக்கு முகாந்தரம். அவரை நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதைகூட எனக்கு இல்லை. பங்காளி இறந்தால் இத்தனை நாள் தீட்டு என்று நம் சாஸ்திரம் கணக்கு வைத்திருக்கிறது. சம்பந்தி இறந்தால் எப்போது போகவேண்டும், எதை எடுத்துப் போகவேண்டும் என்பது ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும். உயிர்ச் சிநேகிதன் போனால் சுடுகாடு வரை நடந்து ஓரமாக நின்றாவது அழலாம். ஆனால், தினமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சில வருஷங்களுக்குப் பின் பிரிந்துபோன ஒரு மனிதர் மறைந்தால், அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்பதற்கு எந்த ஏட்டிலும் விதி இல்லை.

ராஸ்தா பேட்டை

பூனாவில் தமிழர்கள் அன்று அதிகமாகக் குடியிருந்த பகுதிகளில் ராஸ்தா பேட்டை ஒன்று. ராணுவக் கணக்கு அலுவலகங்களிலும் கிர்க்கியின் தொழிற்சாலைகளிலும் குமாஸ்தா வேலை பார்க்க வந்த பிரம்மசாரிகள், நடுவில் முற்றமும் நாற்புறமும் மரத்தாழ்வாரமும் கொண்ட ‘வாடா’ என்னும் பழைய வீடுகளில் அறைக்கு மூவராகத் தங்கி, பாலக்காட்டுக் குடும்பம் ஒன்று நடத்திய மெஸ்ஸில் இருவேளையும் உண்டு காலம் கழித்தோம். அங்கேதான் அவரைக் கண்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், திருநெல்வேலிச் சீமைக்காரர், மெலிந்த தேகம், உரத்த குரல். நாங்கள் ஒருவரையொருவர் ‘ஸார்’ என்றே கடைசிவரை அழைத்தோம். அவர் எனக்குப் பணம் கடன் கொடுத்ததில்லை. நான் அவரிடம் குடும்ப விஷயம் பேசியதில்லை. குழம்பில் உப்புக் கூடியதைப் பற்றியும், பதவி உயர்வு தள்ளிப்போவதைப் பற்றியும் பேசினோம். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் ஒரு வினோத வழக்கம் இருந்தது. பூனாவில் எந்தத் தமிழர் வீட்டில் சாவு நேர்ந்தாலும், முன்பின் தெரியாதவராயினும், காதில் விழுந்த மாத்திரத்தில் ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நிற்பார். “ஊர் விட்டு ஊர் வந்தவன் வீட்டிலே நாலாவது தோளுக்கு ஆள் கிடைக்காது ஸார்” என்பார். அப்படி எத்தனை பேரை அவர் சுமந்தார் என்பதற்குக் கணக்கில்லை. 1961 ஜூலை 12ஆம் தேதி பான்ஷெட் அணை உடைந்து, அதன் வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு வந்து பூனாவின் ஆற்றங்கரைப் பேட்டைகளை மூழ்கடித்த சமயத்தில் அவர் அங்கே இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி மட்டும் எவ்வளவு கேட்டாலும் வாய் திறக்கமாட்டார்.

அதற்கு அடுத்த வருஷத்து விருத்தாந்தத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். 1962 ஜூலை 7ஆம் தேதி, நள்ளிரவு கடந்த சில நிமிஷங்களில், சிட்னியிலிருந்து ரோமாபுரிக்குப் போய்க்கொண்டிருந்த அலிடாலியா கம்பெனியின் ஜெட் விமானம், பம்பாயில் இறங்குவதற்கு முன் பூனா ஜில்லாவின் ஜுன்னர் வட்டாரத்து மலையொன்றில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 94 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பத்திரிகையில் அதைப் படித்த இவர், அந்த ஞாயிற்றுக்கிழமை, குடை ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஜுன்னருக்குப் போய்விட்டார். போனவர் கண்டது மழையும் மேகமுமே. மலை இருக்கும் திசையைக்கூட எவராலும் காட்ட இயலவில்லை. மாலைவரை பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். “இத்தாலிக்காரன் செத்ததற்கு நீர் ஏன் ஐயா போனீர்?” என்று மெஸ்ஸில் யாரோ கேட்டபோது, “அவனுக்கு மட்டும் இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை ஏந்தினார்.

அந்த வாடா இன்று இல்லை. அவ்விடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. மெஸ் நடத்திய குடும்பத்தின் மருமகள் மாத்திரம், எண்பதை நெருங்கிய வயதில், அதே தெருவில் மகனோடு வசிக்கிறார் என்று அறிந்து போனேன். பெயரைச் சொன்னதும் அந்த அம்மாளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“கத்திரிக்காய் போட்டா இலையை விட்டு எழுந்துடுவாரே, அவர்தானே? அவரோட அண்ணா வந்து டிரங்குப் பெட்டியை எடுத்துண்டு போனார். நீங்க அவருக்கு என்ன உறவு?”

“உறவில்லை மாமி. தெரிஞ்சவன்.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்றார்.

மோர்க்குழம்பும் சேனை எரிசேரியும் பாலக்காட்டுக் கைப்பக்குவம் மாறாமல் இருந்தன. கூடவே, வேர்க்கடலைப் பொடி தூவிய வெள்ளரிக்காய்க் கோஷிம்பிர் இலையின் ஓரத்தில் இடம் பிடித்திருந்தது. அம்மாளின் பேரப்பிள்ளைகள் தமக்குள் மராத்தியிலேயே பேசிக்கொண்டார்கள். என்னை ‘ஆஜோபா’ (தாத்தா) என்று அழைத்து, இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னார்கள்.

பார்வதி மலை

மாலையில் பார்வதி மலைக்குப் போனேன். பேஷ்வா நானாசாகேப் கட்டிய கோயில். நூற்றுச் சொச்சம் படிகள். யானை ஏறுவதற்கு ஏற்றபடி அகலமானவை என்பார்கள். கிர்க்கியில் 1817இல் தம் சேனை ஆங்கிலேயரிடம் தோற்றதைக் கடைசிப் பேஷ்வா இங்கே நின்றுதான் பார்த்தார் என்பது ஊரார் கூற்று. நாங்கள் ஏறிய காலத்தில் கீழே ஓட்டுக் கூரைகளும் மரங்களும் தெரியும். இப்போது கண்ணுக்கு எட்டியவரை கட்டடங்களே. மாவு மில் வாசலில் நிற்பதுபோல் ஒரு புழுதி நகரத்தின்மேல் படிந்திருந்தது. படிக்கட்டில் மட்டும் மாறுதல் இல்லை. என்னைவிட வயதான மராத்தியக் கிழவர்கள், தலையில் வெள்ளைக் குல்லாயும் காலில் கான்வாஸ் ஜோடுமாக, மூச்சு வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பூனாக்காரரின் தேகாரோக்கியத்துக்கு இந்த மலை செய்யும் உபகாரத்தை எந்த வைத்தியரும் செய்ய முடியாது.

1966 ஜனவரி 24ஆம் தேதி சாயங்காலம் இந்தப் படிகளில்தான் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். லால்பகதூர் சாஸ்திரியார் தாஷ்கண்டில் காலமாகி இரண்டு வாரம் ஆகவில்லை. அன்றுதான் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். அன்றே, ஐரோப்பாவின் மான் பிளாங்க் சிகரத்தில் ஏர் இந்தியா விமானம் மோதி, அணுவிஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் மடிந்த செய்தியும் வந்தது. அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “ஜுன்னரிலே நடந்ததேதான் ஸார். மலையைத் தாண்டிவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு கீழே இறங்கியிருப்பான்” என்றார். இரண்டு விபத்துக்களையும் விசாரித்தவர்கள் பிற்பாடு கண்டதும் ஏறக்குறைய அதுவே: தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, காலம் முந்தி உயரத்தைக் குறைத்தது. ஒரு குமாஸ்தா படிக்கட்டில் உட்கார்ந்தே அதை ஊகித்துவிட்டார்.

1968இல் எனக்கு ஊருக்கு மாற்றலாயிற்று. முதல் தீபாவளிக்கு ஒரு கார்டு வந்தது; நானும் ஒன்று போட்டேன்; அப்புறம் இருவரும் ஓய்ந்துவிட்டோம். இது யார் குற்றமும் அல்ல. பழக்கத்தின் சுபாவம் அப்படி.

1976 அக்டோபர் 12ஆம் தேதி, நடுநிசிக்குப் பின், பம்பாய் சாந்தாகுரூஸிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய காரவெல் விமானத்தின் எஞ்சின்களில் ஒன்று, தரையை விட்டு எழும்பியதும் பழுதுபட்டது. உள்ளே சுழலும் உலோகத் தட்டொன்று நாட்பட்ட விரிசலால் வெடித்து, எரிபொருள் குழாயை அறுத்துத் தீயை மூட்டிவிட்டது என்று பிறகு கண்டறிந்தார்கள். விமானி உடனே திரும்பினார். ஆனால் ஓடுபாதையை அடைவதற்குள் விமானம் கட்டுக்கடங்காமல் விழுந்து எரிந்தது. 95 பேர். இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூரில் பத்திரிகையைப் பிரித்தபோது, இறந்தவர் ஜாபிதாவில் அவர் பெயர் இனிஷியலோடு இருந்தது. அதே பெயரில் வேறொருவர் இருக்கக்கூடாதா என்று சில நாள் பிரமையில் கிடந்தேன். பூனாவிலிருந்து ஒரு பழைய சகா எழுதிய கடிதம் அதையும் போக்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் மூன்றாம் வகுப்பில் சென்ற மனிதர். முதல் நாள் டெக்கான் குவீன் ரயிலில் பம்பாய் போய், அன்றிரவு எதற்காக விமானம் ஏறினார் என்பதை அந்தச் சகாவும் எழுதவில்லை.

அதே விமானத்தில்தான் நடிகை ராணி சந்திரா, தாயாரோடும் சகோதரிகளோடும் மாண்டுபோனார். நாடு முழுவதும் அவருக்காக அழுதது. அவர் நடித்து முடிப்பதற்குள் நின்றுபோன ‘பத்ரகாளி’ படத்தை, டைரக்டர் திருலோகசந்தர் மிச்சக் காட்சிகளில் வேறு பெண்ணை வைத்துப் பூர்த்தி செய்து, அவ்வருஷ முடிவில் வெளியிட்டபோது, சினிமாப் பழக்கமே இல்லாத நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். திரையில் அந்தப் பெண் சிரித்தபோதெல்லாம் அரங்கில் விசும்பல் கேட்டது; பெஞ்சு வரிசையில் ஒரு கூட்டமே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. அந்த அழுகையின் நடுவே நானும் அழுதேன். பக்கத்திலிருந்தவர், நான் அந்த நடிகைக்காக அழுவதாகவே எண்ணியிருப்பார். மெஸ்ஸில் பழகிய அவருக்காக நான் கலந்துகொண்ட ஒரே துக்கக் கூட்டம் அதுதான். ஊரார் சாவுக்கெல்லாம் தோள் கொடுத்தவருக்கு, பூனாவில் எவரும் தோள் கொடுக்க வாய்க்கவில்லை.

நாராயண்காவ்

பூனாவிலிருந்து வடக்கே நாசிக் போகும் சாலையில், பகத்சிங்கோடு தூக்கு மேடை ஏறிய ராஜகுருவின் பெயர் தாங்கிய ராஜகுருநகர் வருகிறது; அடுத்து மஞ்சர்; அதற்கடுத்து நாராயண்காவ். பீமா, கோட், மீனா என்று வழியெல்லாம் ஆறுகள். எங்கள் காவேரி வந்துசேரும்போது தளர்ந்துபோன மூதாட்டியாய் இருக்கிறாள். இந்த ஆறுகள் தாய்வீட்டை விட்டுப் புறப்பட்ட சிறுமிகள். குறுகலாகவும் குளிர்ச்சியாகவும் கல்லுக்கிடையில் ஓடுகின்றன. நாராயண்காவ் திராட்சைக்கும் தக்காளிக்கும் பேர்பெற்றது. ‘தமாஷா’ என்னும் கூத்துக்கு அதைவிட. விட்டாபாய் என்ற புகழ்பெற்ற தமாஷாக் கலைஞர் தம் பெயரோடு இந்த ஊரையும் சேர்த்தே வழங்கினார்.

ஊருக்குக் கிழக்கே கோடத் கிராமத்து வயல்களின் நடுவே, வானத்தைப் பார்த்து நிற்கும் பிரம்மாண்டமான கிண்ணங்களைக் கண்டேன். ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவு. பல மைல் சுற்றளவில் இப்படி 30 இருக்கின்றன. விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைச் சேகரிக்கும் தொலைநோக்கி இது. இதை நிர்மாணித்த கோவிந்த் ஸ்வரூப், முன்னர் நமது உதகமண்டலத்திலும் ஒரு தொலைநோக்கியை அமைத்தவர். அவரை அமெரிக்காவிலிருந்து தாய்நாட்டுக்கு வரவழைத்தவர் ஹோமி பாபா. மலையில் மோதி மாண்டவர் விதைத்தது, விமானம் மோதிய வேறொரு மலைக்குப் பக்கத்துக் கழனியில் விளைந்திருக்கிறது. இதை அவர் அறிந்திருந்தால் மெஸ்ஸில் ஒரு வாரம் பேசியிருப்பார்.

ஜுன்னர்

ஜுன்னரில் இறங்கியதும் ரொட்டிக் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சிறுத்தை பார்க்க வந்தீரா, காகா?” என்பது. கரும்புக் காடுகளில் சிறுத்தைகள் குடியேறிவிட்டன. குட்டி போடுவதும் அங்கேதான். இருட்டியபின் கொல்லைப்புறம் போக மக்கள் அஞ்சுகிறார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்ததைப் பற்றிய ஞாபகத்தை, கரும்பிலிருந்து பாய்வதைப் பற்றிய பயம் அழித்துவிட்டது. சூடான கம்பு ரொட்டியும், கடலைமாவுக்குள் எள்ளும் கொப்பரையும் வைத்துச் சுருட்டி அறுத்த மாஸ்வடியும், அதற்குக் கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு ரசமும் வைத்தார். நம் ஊர்க் காரம் நாக்கோடு நின்றுவிடும். இவர்கள் காரம் காதுவரை போகிறது.

பக்கத்து மேஜையில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரை எல்லோரும் ‘குருஜி’ என்றார்கள். விமானத்தைப் பற்றி நான் கேட்டதும் அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “அப்போது நான் சிறு பையன். பெரியவர்கள் எல்லாம் மழையோடு மலை ஏறிப் போனார்கள், எங்களை விடவில்லை” என்றார். பிறகு, இத்தனை காலம் கழித்து நான் எதற்காகக் கேட்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். என் சிதைந்த ஹிந்தியில் எவ்வளவு புரிந்ததோ, “அவர் அன்று வந்தார், இன்று நீங்கள் வந்தீர்கள், சரிதான்” என்று தலையை அசைத்து, தாமே கூட வருவதாகச் சொன்னார்.

போகும் வழியில் சிவநேரிக் கோட்டையைக் காட்டினார். 1630இல் சிவாஜி பிறந்த இடம். தஞ்சாவூர்க்காரன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சிவாஜியின் தம்பி வெங்கோஜி ஆண்ட ஊர் அல்லவா! எங்கள் பெரிய கோயிலின் சுவரில் போன்ஸ்லே வம்சத்துச் சரித்திரம் முழுவதையும் சரபோஜி மகாராஜா மராத்தியில் வெட்டிவைத்திருக்கிறார் என்று சொன்னேன். அதன்பின் அவர் என்னை அந்நியனாக நடத்தவில்லை.

ஜுன்னரைச் சுற்றியுள்ள மலைகளில் இருநூறுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் குடையப்பட்டிருக்கின்றன. அவற்றில் சில தர்மங்களைச் செய்தவர்கள் யவனர்கள் என்று அங்குள்ள பிராமி எழுத்துச் சாசனங்கள் கூறுகின்றன: தண்ணீர்த் தொட்டி இரண்டு, போஜன சாலை ஒன்று. முசிறிக்கும் பூம்புகாருக்கும் மரக்கலம் ஏறி வந்த அந்த ஜாதியாரை நமக்குத் தெரியாதா? அவர்களில் சிலர் கொங்கணக் கரையில் இறங்கி, மலையேறி இந்த ஊருக்கு வந்து, தங்கள் கூட்டமல்லாத பிக்ஷுக்களுக்காகத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தானத்துக்கும், ஓர் இத்தாலிய விமானத்துக்காகத் திருநெல்வேலிக்காரர் ஒருவர் குடையோடு வந்து நின்றதற்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷம் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

நாணேகாட் சாலை

ஜுன்னருக்கு மேற்கே போகப்போக நிலம் மேடேறி, ஊர்கள் அருகி, கடைசியில் தக்காணமே வெட்டி எறிந்தாற்போல் முடிந்துவிடுகிறது. அந்த விளிம்பில் நாணேகாட் என்னும் கணவாய். சாதவாகன ராணி நாகனிகை தம் குலத்தார் செய்த யாகங்களையும் தட்சிணைகளையும் குகைச்சுவரில் பொறித்துவைத்த இடம். வணிகரிடம் வாங்கிய சுங்கக் காசைப் போட்டுவைத்ததாகச் சொல்லப்படும் பெரிய கல்ஜாடி இன்னும் அங்கே இருக்கிறது. கீழே கொங்கணம், அதற்கப்பால் பம்பாய். கிழக்கிலிருந்து இரவில் வருகிற விமானிக்கு, இந்த விளிம்பைத் தாண்டும்வரை மலை, தாண்டிவிட்டால் சமதரை. இடையே இருப்பது சில நிமிஷங்கள்தாம். அந்தச் சில நிமிஷம் முந்தித்தான் அன்றைய விமானம் தாழ்ந்தது. சுமார் 3,600 அடி உயரத்தில், மலையின் உச்சியை ஒட்டியே மோதியது.

குருஜி வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு மலையைக் கைகாட்டினார். தாவண்ட்யா மலை என்றார். நான் எதிர்பார்த்ததுபோல் பயங்கரமாக இல்லை. சுற்றியுள்ளவற்றைக் காட்டிலும் உயரமும் இல்லை. உச்சியில் புல் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. சரிவில் ஆடுகள் மேய்ந்தன. நல்ல வெயில். கல் கல்லாகத் தெரிந்தது. குருஜி குல்லாயைக் கழற்றினார். நான் கை கூப்பினேன். எவருக்கென்று கேட்டால், இருவருக்கும் ஒரே பதில் இருந்திருக்காது. அவர் பெயரை ஒரு முறை உரக்கச் சொன்னேன். ‘ஸார்’ என்றுதான் வாயில் வந்தது, பிறகே பெயர் வந்தது.

திரும்பும் வழியில் குருஜி சிறுத்தைக் கதைகள் சொல்லிக்கொண்டு வந்தார், சுவாரசியமாகவே இருந்தன.

ஜுன்னர் போகிற தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. சிவநேரியையும், அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான லேண்யாத்ரியையும் எவரும் காட்டுவார்கள். இந்த மலையை வயதானவர்களைக் கேட்டால்தான் காட்டுவார்கள், அவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை மேகம் இறங்கி மூடிவிடும்; போய் நின்றாலும் ஒன்றும் தெரியாது. தசராவுக்குப் பிறகு போங்கள்.